ஸ்டார்ட் ஆக மறுத்த காரும் சிங்காநல்லூர்ப் பட்டறையும்

கோவை திருச்சி சாலையில் சிங்காநல்லூரைக் கடந்து ஒண்டிப்புதூர் நோக்கிச் செல்லும்போது பிரியும் சந்துகளுள் ஒன்றில், மூன்று கார்கள் நெருக்கி நிற்கக்கூடிய தகரக் கொட்டகையில் இயங்கும் பட்டறையைப் பற்றியது இந்த மதிப்புரை. பட்டறையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இப்போது வாசலில் நிற்கும் வண்டிகளுக்கே பதில் சொல்லி மாளவில்லை, தயவுசெய்து பெயரை எழுதிவிடாதீர்கள் என்று அதை நடத்துபவரே கேட்டுக்கொண்டார். பெயரில்லாத மதிப்புரையால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் காலையில் முரண்டு பிடிக்கும் காரை ஒருவரிடம் ஒப்படைத்தால் அங்கே எந்த வரிசையில் என்னென்ன நடக்க வேண்டும் என்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது இந்தக் கொட்டகையில்தான். அதற்குமுன் வேறு இரண்டு இடங்களில் நடந்ததையும் பார்த்திருப்பதால், ஒப்பிட்டு எழுத என்னிடம் போதிய சரக்கு இருக்கிறது.

என் கார் 2013ஆம் ஆண்டு வாங்கியது. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி. ஓடியிருப்பது 92,000 கிலோமீட்டர். ஐப்பசி மாதத்தில் தொடங்கியது கோளாறு. இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும்போது என்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றும், ஆனால் என்ஜின் பற்றாது. ஆறேழு விநாடி விடாமல் அடித்து, நிறுத்தி, மீண்டும் அடித்தால், இரண்டாவது அல்லது மூன்றாவது முறையில் ஒரு குலுக்கலுடன் உயிர் வரும். அதன்பிறகு அன்று முழுதும் சாவியைத் திருப்பினால் போதும், உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். கடைவீதியில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தாலும் ஒரு குறையும் இருக்காது. மார்கழி பிறந்தபோது மூன்று முறை என்பது ஐந்து முறையாகியிருந்தது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் எதிர்வீட்டு அம்மாள், இன்று எத்தனையாவது தடவையில் கிளம்பியது என்று விரல்களைக் காட்டிக் கேட்கும் அளவுக்கு எங்கள் தெருவில் அது பிரசித்தம்.

முதலில் சென்ற இடத்தில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். நான்கு வயதான பேட்டரி என்பதால் நானும் மறுக்காமல் 4,900 ரூபாய் கொடுத்துப் புதியது போட்டேன். மறுநாள் செல்ஃப் முன்னைவிட உற்சாகமாகச் சுற்றியது. என்ஜின் முன்னைப் போலவே பற்றவில்லை. அடுத்த வாரம் அதே இடத்தில் நான்கு ஸ்பார்க் பிளக்குகள், ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடியைக் கழுவும் வேலை என்று 2,300 ரூபாய். பிறகு நண்பர் ஒருவர் சொன்ன வேறொரு பட்டறைக்குப் போனேன். அவர்கள் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றி 2,800 ரூபாய் வாங்கினார்கள். ஆக 10,000 ரூபாய் செலவாகி, வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. இவர்கள் யாரும் என்னை ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். போட்ட சாமான்கள் நல்ல சாமான்கள்தான், அவை இன்றும் வண்டியில் வேலை செய்கின்றன. ஆனால் இந்த மூன்று வேலைகளிலும், ஒன்றை மாற்றுவதற்கு முன் எந்தக் கருவியையாவது எடுத்து எதையாவது அளந்தவர் ஒருவர்கூட இல்லை. இந்த இடம் அவற்றிலிருந்து வேறுபடுவது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதைக் கடந்திருக்கும். நான் வண்டியை நிறுத்தி இறங்கியதும் அவர் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. கையிலிருந்த துணியில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “செல்ஃப் சுத்துதுங்களா, முக்குதுங்களா, இல்ல டிக்குனு ஒரு சத்தத்தோட நின்னுக்குதுங்களா?”

இந்தக் கேள்வியின் மதிப்பு எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஸ்டார்ட் ஆகவில்லை என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வெவ்வேறு நோய்கள். சாவியைத் திருப்பினால் ஒரு சத்தம் மட்டும் வந்து நின்றுவிடுகிறது என்றால் பேட்டரி டெர்மினல், செல்ஃபின் மேலிருக்கும் சாலனாய்டு என்னும் மின்காந்த ஸ்விட்ச், எர்த் ஒயர் என்று தேட வேண்டும். என்ஜின் முக்கி முனகிச் சுற்றினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது கேபிளில் எங்கோ தடை இருக்கிறது, அல்லது செல்ஃப் மோட்டாரே தேய்ந்திருக்கிறது. செல்ஃப் வேகமாகச் சுற்றியும் என்ஜின் பற்றவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை, அல்லது தீப்பொறி வரவில்லை, அல்லது இவற்றை ஆளும் சென்சார்களுள் ஒன்று தவறான தகவல் தருகிறது. என் வண்டி மூன்றாம் வகை. நன்றாகச் சுற்றுகிறது என்று நான் சொன்ன நொடியில் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் சந்தேகப் பட்டியலின் அடிக்குப் போயிருக்க வேண்டும்; அவற்றுக்காக நான் கொடுத்த 7,700 ரூபாய் அந்த ஒரு கேள்வியில் மிஞ்சியிருக்கும்.

கேள்விகள் அதோடு நிற்கவில்லை. இரவு முழுதும் நின்ற பிறகு மட்டுமா, சூடாக இருக்கும்போதுமா? பற்றிக்கொண்டதும் பின்னால் கரும்புகை வருகிறதா, பெட்ரோல் வாடை அடிக்கிறதா? சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு அணைகிறதா, மின்னிக்கொண்டே இருக்கிறதா? டேங்கில் எப்போதும் எவ்வளவு பெட்ரோல் வைத்திருப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு, பெரும்பாலும் ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகுதான் பங்குக்குப் போவேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் முகத்தில் ஏதும் காட்டிக்கொள்ளாமல், வண்டி இரவு இங்கேயே நிற்கட்டும் என்றார். நாளைக் காலை ஓட்டிவருகிறேனே என்றதற்கு, “காலைல ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி ஓட்டிட்டு வந்துட்டீங்கன்னா அப்புறம் எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க” என்றார். முன்னர் சென்ற இடங்களுக்கெல்லாம் நான் வண்டியைச் சூடாக, குறையே இல்லாத நிலையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை முதல் அளவுகள் எடுக்கப்பட்டன. மல்டிமீட்டரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு இது முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று பொருள். அடுத்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். அப்படி மிதித்தால் பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், என்ஜின் பற்றாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பெட்ரோல் அதிகமாகி என்ஜின் நனைந்துவிட்ட வண்டியை உலர்த்தவும் இதே வழிதான். சுற்றும்போது பேட்டரி 10.7 வோல்ட்டுக்கு இறங்கி நின்றது, 9.6க்குக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை என்ஜின் இரும்பிலும் வைத்து மறுபடி சுற்றச் செய்தார். அங்கே 0.15 வோல்ட். எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தால் இந்த எண் உயரும், 0.3க்குள் இருந்தால் பரவாயில்லை என்பது அவர் கணக்கு. கண்ணால் பார்த்து எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கும், கரன்ட் ஓடும்போது அளந்து சொல்வதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அந்த ஒரு சோதனையில் கண்டேன். பத்து நிமிடத்தில் மின்சாரப் பக்கம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு நான் போனபோது, காரின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டியிருந்தார். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் காட்டினார். இரண்டும் 21 டிகிரி. இரவெல்லாம் நின்ற வண்டியில் இவை இரண்டும் வெளியே உள்ள குளிரோடு ஒத்துப்போக வேண்டும். பெட்ரோல் குளிரில் எளிதில் ஆவியாகாது. அதனால்தான் பிரீமியர் பத்மினி காலத்தில் சோக் குமிழை இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தோம். இன்று அந்தக் குமிழின் வேலையைக் கூலன்ட் சென்சாரின் பேச்சைக் கேட்டுக் கம்ப்யூட்டர் செய்கிறது. சென்சார் பழுதாகி, குளிர்ந்த என்ஜினைச் சூடாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், தேவையான கூடுதல் பெட்ரோல் தெளிக்கப்படாமல் காலையில் மட்டும் வண்டி படுத்தும். அது வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் வகைச் சென்சார். வழக்கமான ஒன்றில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம் இருக்கும், 80 டிகிரியில் 300 ஓமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். என் வண்டியின் அறிகுறிகள் இதற்கு மிக நன்றாகப் பொருந்தின, ஆனால் ஸ்கேனர் காட்டிய 21 டிகிரி, சென்சார் சரியாகவே இருக்கிறது என்று சொல்லிவிட்டது. ஸ்கேனர் இல்லாத பட்டறையாக இருந்தால் நான்காவதாக அதையும் மாற்றியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஸ்கேனர் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நானும் 800 ரூபாய்க்கு ஒரு புளூடூத் அடாப்டர் வாங்கி, மொபைலில் இணைத்து, கோளாறு ஏதும் இல்லை என்ற செய்தியைப் பலமுறை படித்து ஏமாந்தவன்தான். கருவியில் குற்றமில்லை. என்னுடையதைப் போன்ற கார்களில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. அளக்காத ஒன்றைப் பற்றிக் கம்ப்யூட்டரால் புகார் சொல்ல முடியாது. ஆகவே கோளாறைக் குறிக்கும் கோட் எதுவும் ஸ்கேனரில் வரவில்லை என்பதைக் கோளாறு இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த அழுத்தத்தைத்தான் அவர் முந்தின இரவே அளக்கத் தொடங்கியிருந்தார். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, என்ஜினை அது தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, லைனில் இருந்த அழுத்தம் அடங்கிய பிறகே குழாயைக் கழற்றி, என்ஜின் பக்கத்தில் ஒரு டி இணைப்பின் வழியாக அழுத்தம் காட்டும் கேஜை மாட்டியிருக்கிறார். டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்கிறோமே, அதே பிஎஸ்ஐ கணக்குதான். இவ்வகைக் கார்களில் பெரும்பாலும் 40 முதல் 60 வரை இருக்கும். முன்கண்ணாடியில் ஒட்டிய வெள்ளை டேப் ஒன்றில் பால்பாயின்ட் பேனாவால் மூன்று வரிகள் எழுதியிருந்தார்: 9.00 – 50. 9.30 – 14. 10.30 – 0. மாதக்கணக்காக நான் தேடிக்கொண்டிருந்த பதில் அந்தத் துண்டு டேப்பில் இருந்தது.

பிறகு என்னையே சாவியைத் திருப்பச் சொன்னார், ஆனால் செல்ஃப் அடிக்க வேண்டாம் என்றார். பின்சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு விநாடி முனகி நின்றது. கேஜ் முள் 20க்கு ஏறியது. அணைத்து மறுபடி திருப்பினேன், 38. மூன்றாவது தடவை 50. “இப்ப அடிங்க” என்றார். செல்ஃப் ஒரு சுற்று முடிப்பதற்குள் என்ஜின் பற்றிக்கொண்டது. மார்கழிக் குளிரில், இரவெல்லாம் நின்ற வண்டி. இதே கோளாறு உள்ளவர்கள் ஒரு ரூபாய் செலவில்லாமல் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது: சாவியை இரண்டு மூன்று தடவை ஆன் செய்து, ஒவ்வொரு தடவையும் இரண்டு விநாடி காத்திருந்து, பிறகு செல்ஃப் அடித்து உடனே பற்றினால், லைனில் தங்க வேண்டிய பெட்ரோல் இரவில் தங்குவதில்லை என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

ஏன் தங்குவதில்லை என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் கொங்கு நாட்டில் கிணறு பார்த்த எவருக்கும் புரியும். “ஏனுங்க, கெணத்து மோட்டாருக்கு ஃபுட் வால்வு போச்சுன்னா என்ன ஆகும்?” எங்களுக்குப் பல்லடம் பக்கத்தில் கொஞ்சம் நிலம் இருந்த காலத்தில் இதை நான் நேரிலேயே பட்டிருக்கிறேன். கிணற்றுக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு சரியாக மூடாவிட்டால் மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் நிற்கும் தண்ணீர் மெல்லக் கிணற்றுக்கே திரும்பிவிடும். மறுநாள் காலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, சில சமயம் சாணியைக் கரைத்து ஊற்றி, குழாயை நிரப்பினால்தான் மோட்டார் நீர் எடுக்கும். காரின் பெட்ரோல் பம்பிலும் அதே வேலையைச் செய்யும் சிறிய ஒருவழி வால்வு இருக்கிறது. என்ஜினை அணைத்த பிறகும் லைனில் அழுத்தத்தைப் பிடித்துவைப்பது அதுதான். அது கசிந்தால் இரவோடு இரவாக லைன் காலியாகும். காலையில் செல்ஃப் சுற்றும் அந்த ஆறேழு விநாடியும் என்ஜின் பெட்ரோலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. பகலில் சிறிது நேரம் மட்டும் நிறுத்தும்போது லைனில் கொஞ்சம் அழுத்தம் மிஞ்சியிருப்பதால் கோளாறு தெரிவதில்லை.

இந்த இடத்தில் பம்பை மாற்றுங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அழுத்தம் இறங்குகிறது என்று தெரிந்ததே ஒழிய, எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரியவில்லை என்றார். டேங்க் பக்கம் வால்வு வழியாகத் திரும்பலாம்; என்ஜின் பக்கம் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுள் ஏதாவது ஒன்று சொட்டியும் இறங்கலாம். இன்ஜெக்டர் சொட்டினால் காலையில் பெட்ரோல் வாடையும் கரும்புகையும் வரும், பிளக் கருத்து நனைந்திருக்கும். அவை இல்லை என்று முதல் நாளே நான் சொல்லியிருந்தாலும் அவர் என் மூக்கை நம்பவில்லை. மறுநாள் இரவு, டேங்கிலிருந்து வரும் குழாய்க்கும் கேஜுக்கும் நடுவே ஒரு சிறிய அடைப்பு வால்வைப் பொருத்தி, என்ஜினை அணைத்ததும் அதை மூடிவிட்டார். கண்ணாடியில் இரண்டாவது டேப்: 9.00 – 50. 9.30 – 47. காலை 6.30 – 38. இன்ஜெக்டர் பக்கத்தைத் தனியாகப் பிரித்துவிட்டால் அழுத்தம் இரவு முழுதும் நிற்கிறது. ஆகவே கசிவு டேங்க் பக்கம்தான். இந்த இரண்டாவது இரவுக்காக எனக்கு ஒரு நாள் ஆட்டோ செலவு கூடியது. ஆனால் அந்தச் சோதனை இல்லாமல் பம்பை மாற்றியிருந்தால், அது முன்பு பேட்டரியை மாற்றியதைப் போல இன்னொரு யூகமாகத்தான் இருந்திருக்கும்.

பம்ப், பிரஷர் ரெகுலேட்டர், மிதவை எல்லாம் சேர்ந்த முழு செட்டாகவே கம்பெனிச் சாமான் வருகிறது. வெறும் பம்ப் மோட்டாரை மட்டும் வெளிச் சாமானாகப் போட்டால் பாதி விலையில் முடியும். இரண்டையும் சொல்லி, தேர்வை என்னிடம் விட்டார். நான் முழு செட்டையே கேட்டேன். மூன்றாம் நாள் மாலை வேலை நடந்தபோது நான் அங்கேயே இருந்தேன். பின்சீட்டைத் தூக்கி, கீழிருந்த தகட்டு மூடியைக் கழற்றியதும் பதினொரு வருடப் புழுதி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகு, அந்தப் புழுதி முழுவதையும் முதலில் பிரஷ்ஷால் தள்ளி, பிறகு காற்றடித்து, கடைசியில் துணியால் துடைத்தார். பம்பைத் தூக்கும்போது ஒரு சிட்டிகை மண் டேங்குக்குள் விழுந்தாலும் புதுப் பம்பின் ஆயுள் குறையும். பம்பைப் பிடித்திருக்கும் வளையத்தைத் தட்டித் திருப்ப இரும்பு உளியை எடுக்காமல், பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்தார். பித்தளையில் தீப்பொறி பறக்காது. ரப்பர் வளையமும் புதியதுதான். பழையதைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாமா என்ற பேச்சே எழவில்லை.

புதியதைப் பொருத்துவதற்கு முன் அவர் செய்துகாட்டியது எனக்கு மறக்காது. பழைய பம்ப், புதிய பம்ப் இரண்டின் வாயிலும் ஒரு சாண் நீளக் கண்ணாடி டியூபைச் செருகி, இரண்டிலும் ஒரே உயரத்துக்குப் பெட்ரோல் ஊற்றி, செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லி என் இரு கைகளிலும் கொடுத்தார். இடக்கையில் இருந்த பழையதில் பெட்ரோல் மட்டம் கண்ணுக்குத் தெரியவே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் முடிவதற்குள் டியூப் காலி. வலக்கையில் இருந்ததில் ஒரு நூல்கூட அசையவில்லை. இதைச் செய்து காட்ட வேண்டிய கடமை எதுவும் அவருக்கு இல்லை. நான் அதற்குள் எதையும் நம்பத் தயாராக இருந்தேன்.

காத்திருந்த நேரத்தில் பார்த்த இன்னொரு வண்டியையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என்னுடையதற்கு நேர் எதிர். வாடகைக்கு ஓடும் கார் ஒன்று; காலையில் ஒரு குறையும் இல்லாமல் ஸ்டார்ட் ஆகும், நெடுந்தூரம் ஓடி டீ குடிக்க நிறுத்தினால் அரைமணி நேரத்துக்குக் கிளம்பாது. அதைச் சூடாகவே கொண்டுவரச் சொல்லி, செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் என்ஜின் வேகத்தைப் பார்த்தார். என்ஜின் சுற்றுவது காதுக்குக் கேட்கிறது, ஸ்கேனரோ சுழி காட்டுகிறது. என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சூட்டில் செத்துப்போய், ஆறியதும் பிழைத்துக்கொள்கிறது. அந்தச் சென்சாரிடமிருந்து தகவல் வராவிட்டால் எப்போது தெளிப்பது, எப்போது பொறி விடுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, இரண்டையும் நிறுத்திவிடும். குளிரில் படுத்துகிறதா சூட்டில் படுத்துகிறதா என்ற அந்த முதல் நாள் கேள்வி எத்தனை பாகங்களை ஒரே வீச்சில் கழித்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பில் விவரம்: பம்ப் செட் 6,450 ரூபாய், ரப்பர் வளையம் 150, சோதனைக்கு 600, மாற்றியதற்கு 700. மொத்தம் 7,900. சோதனைக்குத் தனியாகக் காசு வாங்குவது நம் பக்கத்தில் பலருக்கு உறுத்தும். ‘பார்த்ததற்கா காசு’ என்று என் முன்னாலேயே ஒருவர் சண்டை போட்டார். எனக்கு அந்த 600 ரூபாய்தான் இந்த மாதங்களில் மிகச் சரியாகச் செலவான பணமாகத் தோன்றுகிறது. சோதனையை இலவசமாகச் செய்பவர், அதற்கான கூலியைப் பாகத்தை மாற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு நாளில் முடியும் என்று நினைத்துப் போனவருக்கு இந்த இடம் சரிப்படாது; எனக்கு மூன்று நாட்கள் ஆயின, அந்த நாட்களில் அவர் ஒரு தடவைகூடத் தானாக அழைத்து விவரம் சொல்லவில்லை, நான் அழைத்த நான்கு தடவையில் மூன்று தடவை எடுக்கவும் இல்லை. கொட்டகையில் இடம் கிடைக்காத வண்டிகள் இரவில் சந்திலேயே நிற்கின்றன. என்னுடையது உள்ளே நின்றது அதிர்ஷ்டம். பின்சீட்டைத் திரும்பப் பொருத்தும்போது ஒரு கிளிப் உடைந்துவிட்டது. மாற்றித் தருவதாகச் சொன்னார், இன்றுவரை சீட்டின் ஒரு மூலை கொஞ்சம் தூக்கிக்கொண்டிருக்கிறது. டீசல் வண்டிகளில் காமன் ரெயில் அழுத்தத்தைச் சோதிக்கும் வசதி தன்னிடம் இல்லை என்று அவற்றைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். டீசல் கார் வைத்திருப்பவர்கள் அலைய வேண்டாம். உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதிலும் பெரும்பாலும் ஸ்பேர் சாமான் உட்கார்ந்திருக்கும்.

வேலை முடிந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. தினமும் காலையில் முதல் முறையிலேயே, ஒரு விநாடிக்குள் என்ஜின் பற்றுகிறது. எதிர்வீட்டு அம்மாள் இப்போது விரல் காட்டுவதில்லை. இடையில் பக்கத்து வீட்டு நண்பர், எல்லாவற்றுக்கும் பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான் காரணம் என்று வாதிட்டார். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பழைய கார்களின் ரப்பர் பாகங்கள் பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல என்பதால் அந்தச் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பட்டறைக்காரரிடம் கேட்டேன். பழைய பம்பை அறுத்துப் பார்த்தால் ஒழியச் சொல்ல முடியாது, அதற்கு நேரமில்லை என்று முடித்துக்கொண்டார். ரிசர்விலேயே ஓட்டும் என் பழக்கத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கடிந்து சொன்னார்: பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் அதன் சூடு தணியும், டேங்கின் அடியில் உள்ள கசடையும் அது குடிக்காது. இப்போது கால் டேங்குக்குக் கீழே இறங்கவிடுவதில்லை.

இதே போன்ற கோளாறுக்காக எந்தப் பட்டறைக்குப் போனாலும் வண்டியை முந்தின மாலையே கொண்டுபோய் விடுங்கள். காலையில் பட்டறைக்காரர் கையால்தான் முதல் முறை செல்ஃப் அடிக்கப்பட வேண்டும். பம்பைத் திறக்க வேண்டியிருக்கும் என்று தோன்றினால், அந்த ஒரு நாளைக்கு மட்டும் டேங்கை நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். என் வண்டியில் 30 லிட்டருக்கு மேல் இருந்ததால், மூடியைத் திறப்பதற்கு முன் அதில் பாதியைக் கேன்களில் இறக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் வேலை மதியம் முடியாமல் மாலைவரை நீண்டதற்கு அதுதான் காரணம்.